கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம்: பிரவுசரிலேயே விளையாடத் தொடங்குவது எப்படி

பிரவுசரில் ஏதாவது விளையாடிப் பார்க்கலாம் என்று நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் தேடுபெட்டியில் 'ஃப்ரீ கேம்ஸ்' என்று அடித்துத்தான் தொடங்குகிறார்கள். ஆயிரக்கணக்கான கேம்களை அடுக்கி வைத்திருக்கும் பெரிய தளங்கள் வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் விளம்பரம் ஓடும். அப்புறம் 'அனுமதி கொடுங்கள்' என்று ஒரு பெட்டி. அதையும் தாண்டிப் போனால், எது விளையாட்டின் பொத்தான், எது விளம்பரத்தின் பொத்தான் என்று தெரியாத ஒரு திரை. சில நிமிடங்களில் அலுத்துப்போய் மூடிவிடுவார்கள். இலவசம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்ற எண்ணம் மட்டும் தங்கிவிடும்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. மிக நல்ல சின்ன விளையாட்டுகள் பல உங்களிடம் எதையுமே கேட்பதில்லை. பக்கம் திறந்ததும் பலகை இருக்கும், ஆடலாம், அவ்வளவுதான். அதனால் புதியவருக்கு நான் சொல்வது ஒரே ஒரு அளவுகோல்: ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பக்கம் உங்களிடம் என்ன கேட்கிறது? எதுவும் கேட்கவில்லை என்றால் தாராளமாக உட்காருங்கள். ஒரு புனைபெயர் மட்டும் கேட்டால் பரவாயில்லை. கைபேசி எண், டவுன்லோட், நோட்டிஃபிகேஷன் அனுமதி, பணம் என்று போனால் மூடிவிடுங்கள். கீழே வரும் விளையாட்டுகளை இந்த அளவுகோலை வைத்தே தேர்ந்தெடுத்திருக்கிறேன். எளிதானதில் தொடங்கி வரிசையாகப் போகலாம்.

தொடங்கும் முன்

புதுக் கணினி தேவையில்லை. பழைய லேப்டாப்பிலும் இவை ஓடும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் சரி, அப்டேட் ஆகியிருந்தால் போதும். கணினி திணறினால் மற்ற டேப்களை மூடிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அம்புக்குறி விசையை அழுத்தினால் விளையாட்டு அசையாது, பக்கம் மட்டும் மேலும் கீழும் ஓடும். கேம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். விளையாட்டின் பரப்புக்குள் மவுஸால் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். விசைகள் அதன்பிறகு விளையாட்டுக்குப் போகும். பலகை திரைக்குள் அடங்கவில்லை என்றால் கன்ட்ரோல் விசையோடு கழித்தல் குறியை அழுத்திச் சுருக்கலாம், பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். சத்தம் தொந்தரவாக இருந்தால் குரோமில் அந்த டேப்பின் மேல் வலது கிளிக் செய்து 'மியூட்' கொடுக்கலாம்.

கைபேசியிலும் இவற்றில் பெரும்பாலானவை ஓடும். விசைப்பலகைக்குப் பதில் விரலால் இழுப்பது, தட்டுவது, சற்று நேரம் அழுத்திப் பிடிப்பது என்று மாறும்.

முதல் ஆட்டம்: இணையம் இல்லாமலே

குரோம் வைத்திருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு விளையாட்டு இருக்கிறது. இணைய இணைப்பு இல்லாதபோது வரும் பக்கத்தில் ஒரு சின்ன டைனோசர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது வெறும் படம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், அது ஓடத் தொடங்கும். கைபேசியில் அதன் மேல் விரலால் தட்டினால் போதும். கள்ளிச்செடி வந்தால் மீண்டும் ஸ்பேஸ் பார், தாண்டிக் குதிக்கும். கொஞ்ச தூரம் போனதும் பறக்கும் பழங்கால ஊர்வன வரும், அப்போது கீழ் அம்புக்குறியை அழுத்திக் குனிய வேண்டும்.

கூகுள் இதை 2014 செப்டம்பரில் குரோமுக்குள் வைத்தது. இணையம் இருக்கும்போதே ஆட வேண்டுமா? முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதை ஒட்டி டைனோ என்று எழுதி என்டர் தட்டுங்கள். ஸ்கோர் 99,999 வரை போகும். எட்ஜ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. அதில் டைனோசருக்குப் பதில் அலைச்சறுக்கு. எட்ஜ் என்று எழுதி, அதே குறிகளைப் போட்டு, சர்ஃப் என்று அடித்தால் வரும்.

ஒரு சின்ன யோசனை. குதிக்கும் விசையை நீளமாக அழுத்தினால் உயரக் குதிக்கும், லேசாகத் தட்டினால் தாழ்வாகக் குதிக்கும். வேகம் கூடக் கூடத் தாழ்வான குதிப்புதான் காப்பாற்றும். காற்றில் இருக்கும்போது கீழ் அம்புக்குறியை அழுத்தினால் சட்டென்று தரையிறங்கும். அடுத்தடுத்து செடிகள் வரும் இடத்தில் இதைப் பழகிக்கொண்டால் ஸ்கோர் வேறு மாதிரி ஏறும்.

தேடுபெட்டிக்குள் இருப்பவை

கூகுள் தேடலில் 'சாலிடேர்', 'மைன்ஸ்வீப்பர்', 'ஸ்னேக்', 'டிக் டாக் டோ' இவற்றில் ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஆட்டம் இருக்கும், பிளே பொத்தானைத் தட்டினால் விரியும். வேறு தளத்துக்குப் போகவே வேண்டாம்.

கூகுள் முகப்பில் சிறப்பு நாள்களில் வரும் டூடுல்களில் சில முழு விளையாட்டுகளாகவே வந்தன. அவை அந்த நாளோடு போய்விடவில்லை, தேடினால் இன்றும் ஆடலாம். 2010 மே மாதம் பேக்-மேன் விளையாட்டின் 30ஆம் ஆண்டுக்காக வந்ததில் 'கூகுள்' என்ற எழுத்துகளே பாதைகளாக வளைந்திருக்கும். நாணயம் போடும் பொத்தானை இரண்டாவது முறை தட்டினால் இன்னொருவரும் அதே விசைப்பலகையில் சேர்ந்துகொள்ளலாம். பலருக்கும் தெரியாத வசதி இது. 2017இல் சாம்பியன்ஸ் டிராஃபி கிரிக்கெட் போட்டிக்காக வந்த டூடுல் இன்னும் எளிது. சில்வண்டு பேட் பிடிக்கும், நத்தைகள் ஃபீல்டிங் நிற்கும். ஒரே ஒரு பொத்தான்தான், பந்து வரும் நேரம் பார்த்துத் தட்ட வேண்டும். மெதுவான இணைப்பிலும் திறக்கும். வீட்டில் யாருக்காவது முதன்முதலாக மவுஸ் பிடிக்கக் கற்றுத்தர வேண்டுமென்றால் இதில் தொடங்குவேன்.

மைன்ஸ்வீப்பர்: கொஞ்சம் நின்று கற்க வேண்டியது

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் 1992 முதல் விண்டோஸோடு வந்து எத்தனையோ அலுவலகக் கணினிகளில் உட்கார்ந்திருந்த இந்த விளையாட்டை, கண்ணை மூடிக்கொண்டு கட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு 'அதிர்ஷ்டம்' என்று ஒதுக்கியவர்கள் அதிகம். உள்ளே இருப்பது சுத்தமான தர்க்கம்.

விதி இவ்வளவுதான். கட்டங்களுக்கு அடியில் கண்ணிவெடிகள் ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் வரும். அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி இருக்கிறது என்பதே அந்த எண். வெற்றிடம் வந்தால் சுற்றிலும் வெடியே இல்லை என்று பொருள், அந்தப் பகுதி தானாக விரிந்து திறக்கும். வெடி இருப்பது உறுதியான கட்டத்தில் வலது கிளிக் செய்து கொடி நடலாம். கைபேசியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெடியில்லாத எல்லாக் கட்டத்தையும் திறந்துவிட்டால் வெற்றி.

இப்போது இரண்டு உத்திகள் சொல்கிறேன். இவை தெரிந்தாலே ஆட்டம் மாறிவிடும்.

முதலாவது, சுவர் ஓரத்து 1-1. திறந்த கட்டங்கள் ஒரு வரிசையாக இருக்கின்றன, அவற்றுக்கு மேலே திறக்காத கட்டங்கள் ஒரு வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பலகையின் விளிம்பை ஒட்டிய முதல் எண் 1, அதற்கு அடுத்த எண்ணும் 1. விளிம்பில் உள்ள 1-க்கு மேலே இரண்டே திறக்காத கட்டங்கள்தான் தெரியும். அந்த இரண்டில் ஒன்றில் வெடி உண்டு. அடுத்த 1-க்கு அதே இரண்டும், கூடுதலாக மூன்றாவது ஒன்றும் தெரியும். ஆனால் அதற்குரிய ஒரு வெடி ஏற்கெனவே முதல் இரண்டுக்குள் அடங்கிவிட்டதே? ஆகவே மூன்றாவது கட்டத்தில் வெடி இருக்க முடியாது. தயங்காமல் திறக்கலாம். வெடி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், அது எங்கே இல்லை என்று கண்டுபிடிக்கிறோம். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இதுதான்.

இரண்டாவது, 1-2-1. நேர்க்கோட்டில் இந்த மூன்று எண்களும் அடுத்தடுத்து வந்து, திறக்காத கட்டங்கள் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், வெடிகள் இரண்டு 1-களுக்கும் நேர் மேலே இருக்கும். நடுவில் உள்ள 2-க்கு நேர் மேலே எதுவும் இருக்காது. ஏன் என்று பாருங்கள். நடுக்கட்டத்தில் ஒரு வெடி இருந்தால், 2-க்கு வேண்டிய இன்னொரு வெடி இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்தாக வேண்டும். இடப்பக்கம் இருந்தால் இடது 1-க்கு இரண்டு வெடி ஆகிவிடும், வலப்பக்கம் இருந்தால் வலது 1-க்கு அப்படி ஆகிவிடும். இரண்டுமே பொருந்தாது. 1-2-2-1 வந்தால் இதே கணக்கில் வெடிகள் இரண்டு 2-களுக்கு மேலே வரும். அதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. சாதாரண மைன்ஸ்வீப்பரில் சில நேரம் தர்க்கம் முடிந்து, இரண்டு கட்டங்களில் ஏதோ ஒன்றை ஊகித்தே ஆக வேண்டிய நிலை வரும். எவ்வளவு கவனமாக ஆடினாலும் அங்கே தோற்கலாம். இதற்குத் தீர்வு செய்து வைத்திருக்கிறார் சைமன் டேட்டம் என்ற பிரிட்டிஷ் நிரலாளர். கணினித் துறையினருக்கு 'புட்டி' மென்பொருளை எழுதியவராகத் தெரிந்திருக்கும். அவருடைய புதிர்த் தொகுப்பில் கிட்டத்தட்ட 40 வகைப் புதிர்கள் இருக்கின்றன. எல்லாம் இலவசம், விளம்பரம் இல்லை, கணக்கு இல்லை. அதில் 'மைன்ஸ்' என்ற விளையாட்டு, ஊகமே தேவைப்படாத பலகைகளை மட்டும்தான் உருவாக்கும். தோற்றால் காரணம் நாம் எதையோ கவனிக்காததுதான். ஆங்கிலத்தில் 'சைமன் டேட்டம் பசில்ஸ்' என்று தேடினால் அவருடைய பக்கம் கிடைக்கும். தோற்றம் எளிமையாக, பழைய காலத்து மாதிரி இருக்கும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். சுடோகு பிடித்தவர்கள் அங்கே 'சோலோ' என்ற பெயரில் உள்ளதைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் புக்மார்க் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

2048

4க்கு 4 பலகை. அம்புக்குறியை அழுத்தினால் எல்லா எண்களும் அந்தப் பக்கம் சரியும். ஒரே எண் இரண்டு மோதினால் கூடி ஒன்றாகும்: 2-ம் 2-ம் 4, 4-ம் 4-ம் 8. இப்படியே 2048-ஐ எட்ட வேண்டும். கேப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் தம் 19ஆம் வயதில், 2014 மார்ச்சில் இதை வெளியிட்டார். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்தே வைத்தார். அந்தத் தாராள மனத்தால்தான் இன்று விளம்பரம் அப்பிய பிரதிகள் நூற்றுக்கணக்கில் உலவுகின்றன. அசல் 'பிளே 2048 டாட் கோ' என்ற முகவரியில் இருக்கிறது.

புதியவர்கள் நான்கு பக்கமும் மாறி மாறி அழுத்துவார்கள். 128, 256 வந்ததும் பலகை நிறைந்து முடிந்துவிடும். முறை இது. ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள், கீழ் இடது மூலை என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய எண் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். இடது, கீழ் இந்த இரண்டு அம்புக்குறிகளை மட்டும் வைத்து ஆடுங்கள். இரண்டும் நகராத நிலை வந்தால் வலது. மேல் அம்புக்குறியைத் தொடவே வேண்டாம். வேறு வழியே இல்லாமல் மேலே அழுத்த நேர்ந்தால், அடுத்த நொடியே கீழே அழுத்திப் பெரிய எண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கீழ் வரிசை மூலையிலிருந்து இறங்கு வரிசையில் இருக்கட்டும்: 512, 256, 128, 64 என்று. அந்த வரிசை நிறைந்திருக்கும்வரை வலது அழுத்தினாலும் அது கலையாது.

பொறுமையும் வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புது எண் வரும், பத்துக்கு ஒன்பது முறை 2, ஒரு முறை 4. சராசரியாக ஒரு நகர்த்தலுக்குப் பலகையில் 2.2 சேருகிறது. கணக்குப் போட்டால் 2048-க்கு 900 நகர்த்தலுக்கு மேல் ஆகும். அவசரமாகத் தட்டுபவர்கள் 700-ஆவதில் தடுமாறிவிடுகிறார்கள்.

சீட்டு

தேடுபெட்டியில் வரும் சாலிடேர் ஏற்கெனவே பலருக்குத் தெரிந்ததுதான். ஒரு சீட்டாகப் புரட்டுவது எளிது, மூன்று சீட்டாகப் புரட்டுவது கடினம். எளிதானதில் தொடங்குங்கள். கவிழ்ந்த சீட்டுகள் அதிகமுள்ள வரிசையை முதலில் திறக்கப் பாருங்கள். கே (ராஜா) சீட்டு கையில் இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்து பயனில்லை.

ஆனால் நான் உண்மையில் பரிந்துரைப்பது ஃப்ரீசெல். 52 சீட்டும் முதலிலிருந்தே முகம் காட்டி இருக்கும், மறைவு எதுவும் கிடையாது. நான்கு காலி இடங்களில் சீட்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளலாம். விண்டோஸோடு வந்த பழைய ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் எண் போட்டு இருந்தன. 1990களின் நடுவில் இணையத்தில் சேர்ந்த ஆர்வலர்கள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஆடினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஆட்டம், எண் 11982. அது தீர்க்க முடியாதது என்று பின்னர் கணினிகளும் உறுதி செய்தன. மற்ற அத்தனைக்கும் வழி உண்டு. மாட்டிக்கொண்டால் ஆட்டத்தைக் கலைக்காமல், 'அன்டூ' செய்து பின்னே போய் யோசியுங்கள். வழி எங்கேயோ இருக்கிறது என்ற உறுதியோடு யோசிக்கலாம். 'கார்ட்கேம்ஸ் டாட் ஐஓ' என்ற ஐஸ்லாந்துக்காரர் ஒருவரின் தளத்தில் இதுவும் பல சீட்டாட்டங்களும் உள்ளன. விளம்பரம் கொஞ்சம் உண்டு, பதிவு கேட்காது.

சதுரங்கம்

சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அதைப் பார்த்துவிட்டு செஸ் கற்க விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் பலர். அவர்களுக்கு லிசெஸ் தளத்தைத்தான் காட்டுவேன். 2010இல் திபோ டுப்லெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. இன்று லாப நோக்கமற்ற அமைப்பாக நன்கொடையில் நடக்கிறது. விளம்பரமே இல்லை. பணம் கட்டியவர்க்கு மட்டும் என்று பூட்டி வைத்த வசதியும் எதுவும் இல்லை.

முதலில் தளத்தின் மெனுவில் 'லேர்ன்' பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு காயையும் நகர்த்தி நட்சத்திரங்களைப் பிடிக்கும் சின்னப் பயிற்சிகள் இருக்கும். குதிரை எப்படி நகரும் என்பதை வாயால் சொல்லி விளங்க வைப்பதைவிட இது சுலபம். பிறகு முகப்புக்கு வந்து கணினியோடு ஆடும் பொத்தானைத் தட்டுங்கள். பலம் 1 முதல் 8 வரை இருக்கும், 1-ஐ எடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம் என்று வையுங்கள். கணினியோடு ஆடும்போது தவறான நகர்வைத் திரும்பப் பெறவும் முடியும். முதல் சில வாரங்களுக்கு வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள்.

மனிதரோடு ஆடத் தயாரானால் '10+0' போன்ற எண்கள் தெரியும். முன்னால் இருப்பது ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம், பின்னால் இருப்பது ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் விநாடி. '1+0', '3+0' பக்கம் இப்போது போகாதீர்கள். அங்கே விரல் வேகம்தான் ஆடும். '15+10' நிதானமானது. தெரிந்தவரோடு ஆட வேண்டுமென்றால் நண்பருக்குச் சவால் விடும் பொத்தானைத் தட்டுங்கள். ஓர் இணைப்பு கிடைக்கும், அதை வாட்ஸப்பில் அனுப்பினால் அவர் தொட்டதும் பலகை திறந்துவிடும். இரண்டு பேருக்குமே கணக்கு தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் போட இதைவிட எளிய வழி இல்லை.

ஆட்டம் முடிந்ததும் மூடிவிடாதீர்கள். ஆய்வுப் பலகையைத் திறந்து, நகர்வுகளை எடைபோடும் செஸ் நிரலை ('எஞ்சின்') இயக்கினால், எந்த நகர்வில் நிலை சரிந்தது என்று காட்டும். ஒரு தோல்விக்கு ஒரு தவறை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

குடும்பத்தோடு: வரைந்து கண்டுபிடிப்பது

'ஸ்கிரிபிள் டாட் ஐஓ' ஒரு புனைபெயரை மட்டும் கேட்கும். ஒருவர் வரைவார், மற்றவர்கள் என்ன என்று தட்டச்சு செய்து கண்டுபிடிக்க வேண்டும். பொது அறைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே பிள்ளைகளோடு ஆடும்போது தனி அறை உருவாக்கும் பொத்தானையே தட்டுங்கள். அழைப்பு இணைப்பை வீட்டாருக்கு மட்டும் அனுப்புங்கள்.

தமிழ் அதன் மொழிப் பட்டியலில் இல்லை. ஆனால் தனி அறையில் நம் சொற்களை நாமே காற்புள்ளி போட்டு உள்ளிட ஒரு பெட்டி இருக்கிறது. குறைந்தது 10 சொற்களாவது போட்டு, இந்தச் சொற்கள் மட்டும் போதும் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். குடை, பம்பரம், மயில், தேர், உரல், பட்டம், ஆட்டுக்கல், இடியாப்பம், வாழைப்பூ, பல்லாங்குழி என்று தொடங்கலாம். எழுத்து அச்சாகப் பொருந்தினால்தான் விடை ஏற்கப்படும். அதனால் இரண்டு விதமாக எழுதக்கூடிய சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். எழுத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிப்புகளையும் பூஜ்யமாக்கிவிடுங்கள். 'கு' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'க' தனி, உகரக் குறி தனி, ஆகவே அந்தக் குறிப்புகள் குழப்பும். இடியாப்பத்தை மவுஸால் வரைந்து பாருங்கள், பாட்டி முதல் பேரன் வரை சிரிப்பார்கள்.

மூடிவிட வேண்டிய பக்கங்கள்

பக்கம் திறந்த உடனே 'நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி' என்று பிரவுசர் கேட்டால், எப்போதும் 'பிளாக்'. ஒரு கேம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப எந்த அவசியமும் இல்லை. ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டு, இப்போது திரை ஓரத்தில் 'வைரஸ் வந்துவிட்டது' என்றெல்லாம் பெட்டிகள் வருகின்றனவா? அது வைரஸ் இல்லை, அந்தத் தளத்தின் விளம்பரம்தான். குரோம் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதிக்குள் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிஃபிகேஷன் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததை நீக்கிவிடுங்கள்.

விளையாட 'ஃபிளாஷ் பிளேயர்' நிறுவச் சொல்லும் பக்கம் இன்று வந்தால் அது ஏமாற்று. அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதையே தடுத்துவிட்டது. பள்ளி நாள்களில் ஆடிய பழைய ஃபிளாஷ் கேம் ஒன்று நினைவில் இருந்தால், பழைய இணையப் பொருள்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடிப் பாருங்கள். 'ரஃபிள்' என்ற மென்பொருளின் துணையோடு ஏராளமான பழைய கேம்களை அங்கே பிரவுசருக்குள்ளேயே ஓட விட்டிருக்கிறார்கள். நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம். இந்தப் பாதுகாப்புப் பணியைச் செய்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு காலத்தின் விளையாட்டுகள் மொத்தமாக அழிந்திருக்கும்.

இன்னொன்று, பணம். 'இலவசமாகச் சேருங்கள், போனஸ் தருகிறோம்' என்று அழைக்கும் ரம்மி போன்றவை இந்தக் கட்டுரையின் விளையாட்டுகளோடு எந்த வகையிலும் சேர்ந்தவை அல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சின்ன கேம் என்று நினைத்துத் தொட்ட பக்கம் கைபேசி எண்ணும் ஓடிபியும் கேட்டால், அங்கேயே எழுந்துவிடுங்கள். பிள்ளைகளிடமும் இதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

சேமித்தது போகாமல் இருக்க

கணக்கே இல்லாத விளையாட்டு உங்கள் ஸ்கோரை எங்கே வைத்திருக்கிறது? உங்கள் பிரவுசருக்குள்ளேயே. அதனால்தான் 2048-இன் அதிகபட்ச ஸ்கோர் மறுநாள் திறந்தாலும் இருக்கிறது. அதே காரணத்தால்தான் வேறு கணினியில் திறந்தால் அது இருக்காது. 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் ஆடினால் மூடியதும் போய்விடும். பிரவுசரைச் சுத்தம் செய்யும்போது 'குக்கீகளும் தளத் தரவும்' என்ற கட்டத்தை டிக் செய்தாலும் எல்லாம் அழிந்துவிடும். இடத்தைக் காலி செய்ய வேண்டுமென்றால் தற்காலிகப் படங்களையும் கோப்புகளையும் மட்டும் அழியுங்கள், கேம் தரவு தப்பிக்கும்.

மாதக்கணக்கில் நீளும் விளையாட்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 'குக்கி கிளிக்கர்' அப்படி ஒன்று. 2013இல் ஒரு பிரெஞ்சு நிரலாளர் வெளியிட்டது, பிஸ்கட்டைத் தட்டித் தட்டிப் பெருக்கிக்கொண்டே போவது. அதன் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட் சேவ்' என்று இருக்கும். தட்டினால் நீளமான ஓர் எழுத்துக் கோவை வரும். அதை நகலெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். புதுக் கணினிக்கு மாறும்போது 'இம்போர்ட் சேவ்' தட்டி அதை ஒட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். லிசெஸ்ஸில் மட்டும் ஆட்ட வரலாறும் தரநிலையும் வேண்டுமென்றால் கணக்கு தொடங்குவது நல்லது. ஒரு பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் போதும், கைபேசி எண் கேட்காது.